பெயர் தெரியாத பறவையும் பெயர் தெரிந்த தோட்டங்களும்

தமிழின் நவீன கவிதைகளில் மிகுதியாகப் பறப்பது எந்தப் பறவை என்று யாரேனும் கணக்கெடுத்தால், முதலிடம் ‘பெயர் தெரியாத பறவை’க்கே கிடைக்கும். காக்கையும் குயிலும் வெகு பின்னால்தான் வரும். சிற்றிதழ்களைத் தொடர்ந்து வாசித்து வருபவர்களுக்கு இந்தப் பறவை நல்ல பழக்கம். அது மாலை வேளையில் ஜன்னலருகே வந்தமரும்; ஒற்றை இறகை உதிர்க்கும்; கவிஞரின் தனிமையைக் கலைத்துவிட்டோ கூட்டிவிட்டோ பறந்துபோகும். அதன் நிறம் என்ன, அலகு எப்படி, எந்த மரத்தில் அமர்ந்தது, அது எந்த மாதம் என்பதெல்லாம் சொல்லப்படுவதில்லை. பெயர் தெரியாமை என்பதே ஓர் அழகாகவும், சற்றே தத்துவமாகவும்கூடக் கொள்ளப்பட்டுவிட்டது.

எங்கள் ஆரணியில் இந்த வசதி கிடையாது. வீட்டுக்குப் பின்னாலுள்ள சிறு நிலத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் செம்பருத்தியும் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் போய், “தோட்டத்தில் ஒரு பறவை உட்கார்ந்திருந்தது ஐயா” என்று சொல்லிப் பாருங்கள். “எது, சின்னானா? தவிட்டுக்குருவியா? வாலைத் தூக்கித் தூக்கிப் போட்டதா?” என்று விசாரணை தொடங்கிவிடும். பெயர் தெரியவில்லை என்றால் அதை அவர் கவித்துவமாக எடுத்துக்கொள்ள மாட்டார். கண்ணை எங்கே வைத்திருந்தாய் என்பார். கவிஞர்களைக் கேலி செய்வது எங்கள் நோக்கமன்று. இலக்கியம் என்று நாம் போற்றுகிற இடத்தில் இல்லாமற்போன ஓர் அறிவு, இலக்கிய இதழ் எதையும் கையில் எடுத்தறியாத மனிதர்களிடம் இன்னும் இருக்கிறது. அது எழுத்தில் ஏறாமலே அவர்களோடு முடிந்துகொண்டிருக்கிறது. தோட்டம் வைத்திருப்போர் தம் வேலிக்குள் கண்ட உயிர்களைப் பற்றிச் சொல்வதை, தேதியோடும் அவர்கள் வழங்கும் பெயரோடும் தமிழில் எழுதி வைக்க வேண்டும் என்பதும், இலக்கிய இதழ்கள் அத்தகைய குறிப்புகளுக்குக் கதைக்கும் கவிதைக்கும் பக்கத்திலேயே இடம் தர வேண்டும் என்பதும் எங்கள் கட்சி.

ஆரணியைப் பட்டுச்சேலைக்காகவும் அரிசிக்காகவும் அறிந்தவர்கள் உண்டு. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிவரும் கமண்டல நாகநதியின் கரையில், திருவண்ணாமலை மாவட்டத்தில் உள்ள ஊர். ‘ஆரண்யம்’ என்ற சொல்லிலிருந்து ஊர்ப்பெயர் வந்தது என்பாருண்டு. ஆற்றை அணியாகக் கொண்டதால் ஆரணி என்பாரும் உண்டு. எது சரியோ, ஊருக்கு மேற்கே பூசிமலைக்குப்பத்தில் ஜாகீர்தார் மாளிகை பாழடைந்து நிற்கும் காட்டைப் பார்த்தவர்களுக்கு முதற்கட்சியில் சேரத் தோன்றும். ஆனால் நாங்கள் சொல்லவருவது காட்டைப் பற்றியன்று. நெசவுத் தெருக்களின் பின்கட்டைப் பற்றி.

நெசவாளர் வீடு என்பது பெரும்பாலும் முன்பக்கம் தறியும் பின்பக்கம் கிணறு, தொட்டி, நாலைந்து மரம் என்ற அமைப்பு. தறிக்குழியில் காலை இறக்கி உட்கார்ந்தவர் பொழுதுக்கும் அங்கேயே இருக்கிறார். அவர் கண் இழையை விட்டு அகலக் கூடாது. ஆகவே காதுதான் தோட்டத்துக்குப் போய்வருகிறது. நாடா ஓடும் சத்தத்துக்கு நடுவே அணில் விடாமல் கத்தினால் பூனை வந்திருக்கிறது என்றும், தவிட்டுக்குருவிகள் கூட்டமாகச் சேர்ந்து கூச்சலிட்டால் பாம்போ கீரியோ புழக்கடையில் நடமாடுகிறது என்றும் எழுந்து பார்க்காமலே சொல்லிவிடுகிறவர்களை எங்களுக்குத் தெரியும். தொலைநோக்கியோடு காட்டுக்குப் போகிறவருக்கு நாளில் நான்கு மணி நேரம் வாய்த்தால் பெரிது. இவர்களுக்கோ அதே சிறு நிலம், அதே மரங்கள், நாற்பது ஆண்டுகள்.

அப்படிப்பட்ட ஒரு நெசவாளர் எங்களுக்குக் காட்டியது ஒரு தையல்சிட்டின் கூடு. கத்தரிச்செடியின் இலையொன்றைச் சுருட்டி, ஓரங்களில் துளையிட்டு, நார் கோத்து இழுத்துத் தைத்திருந்தது. தையல்சிட்டு இதற்குச் சிலந்தி நூல், பஞ்சு, செடி நார் என்று கிடைத்ததையெல்லாம் பயன்படுத்தும் என்பது பறவை நூல்களில் உள்ள செய்திதான். இந்தக் கூட்டில் இரண்டு தையல் அரக்குச் சிவப்பில் இருந்தது. அறுந்த பாவு இழைகளைக் கூட்டித் தள்ளும் குப்பையிலிருந்து அது பொறுக்கிக்கொண்டது. “இது மட்டும் கூலி கேட்காமல் நெய்கிறது” என்றார் அவர். இப்படிக் கூடு இங்கே ஆண்டுதோறும் அமைகிறதா, பட்டிழை எப்போதும் இருக்குமா என்று கேட்டோம். “வருஷம் தவறாது. ஒரு தடவை பச்சை இருந்தது, அது என் தங்கை கல்யாணத்து வருஷம்” என்று நினைவிலிருந்து கூறினார். அவரது ஆண்டுக்கணக்கு கல்யாணத்தாலும் மழையாலும் ஆனது. அதையும் எழுதிக்கொள்ளலாம்; இருப்பினும் பக்கத்தில் ஒரு தேதி இருந்திருந்தால் அந்தப் பச்சை இழையின் மதிப்பு எவ்வளவு கூடியிருக்கும்!

பெயர்களைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்பின்னாக ஒரு பறவை வடக்கிலிருந்து வந்து, தோட்டத்துச் சருகுகளைக் கிளறித் தின்றுகொண்டிருக்கும். மைனாவைவிடச் சிறியது, குட்டை வால், பச்சை முதுகு, மஞ்சள் கலந்த பழுப்பு வயிறு, வாலடியில் சிவப்பு, கண்ணின் குறுக்கே கரும்பட்டை. இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியாவிலும் இனம் பெருக்கிவிட்டுக் குளிர்காலத்தில் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வருவது. இதற்குத் தமிழில் ஆறுமணிக்குருவி என்று பெயர். காலை ஆறு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் அண்மையில் குரல் கொடுப்பதால் வந்த பெயர். கடிகாரம் ஊருக்குள் வந்த பிறகுதானே இப்படி ஒரு பெயரை வைத்திருக்க முடியும்? அதாவது, தமிழர்கள் பறவைக்குப் பெயர் வைக்கும் தொழிலைச் சங்க காலத்தோடு முடித்துக்கொள்ளவில்லை. தோட்டக்கள்ளன் என்றும் இதற்கு ஒரு பெயர் உண்டு. பதுங்கிப் பதுங்கிப் புதருக்குள் திரிவதைப் பார்த்தவர் வைத்தது. இலங்கையில் சிங்கள மக்களிடையே, தன் ஆடையை மயில் களவாடிக்கொண்டது என்று இப்பறவை முறையிடுவதாக ஒரு கதை வழங்குகிறது. பட்டுச்சேலையின் கரையில் மயிலை மட்டுமே நெய்யும் ஊர்க்காரர்கள் என்ற முறையில் அந்த முறையீட்டில் நியாயம் இருப்பதாகவே எங்களுக்குப் படுகிறது.

சேலைக்கரை என்றதும் நினைவுக்கு வருகிறது. மயில்கண் என்று ஒரு வேலைப்பாடு உண்டு. குயில்கண் என்றும் உண்டு. மயிலின் தோகைக்கண்ணை யாரும் பார்த்திருக்கலாம். குயில் இலைகளுக்குள் ஒளிந்திருந்து கூவுவது. அதன் சிவந்த கண்ணை எட்ட நின்று பார்ப்பது எளிதன்று. அந்த வட்டத்துக்குக் குயில்கண் என்று முதலில் பெயரிட்டவர் தம் வேப்பமரத்தடியில் பொறுமையாக நின்றிருக்க வேண்டும். ஊரே அறிந்த நீண்ட கூவலுக்கு உரியது கறுப்பான ஆண் குயில் என்பதும், பழுப்பு உடம்பில் வெண்புள்ளி கொண்ட பெண்ணின் குரல் வேறு என்பதும் தோட்டக்காரர்களுக்குச் சாதாரணச் செய்தி. பாரதியின் குயில் பாட்டில் பாடுவது பெண் குயில். கவிதைக்கு அந்த உரிமை உண்டு, அதில் எங்களுக்கு வழக்கில்லை. ஆனால் அதன் பிறகு வந்த நூற்றுக்கணக்கான குயில்களும் புத்தகத்திலிருந்தே பறந்து வந்தவை என்பதுதான் குறை.

இந்தியாவில் வீட்டுத் தோட்டத்து உயிர்களைப் பற்றி எழுதும் மரபைத் தொடங்கி வளர்த்தவர்களில் ஆங்கிலேய அதிகாரிகளுக்குப் பெரிய பங்குண்டு. சுங்க, உப்புத் துறையில் பணியாற்றிய ஈ. எச். எய்ட்கன் 1883இல் வெளியிட்ட நூல் முழுக்க முழுக்கத் தம் பங்களாவைச் சுற்றி உலாவிய எலி, பல்லி, தவளை, எறும்பு, காக்கை பற்றியது. சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டான், 1862இல் தொடங்கி வெளிவந்த தம் இந்தியப் பறவைகள் நூலில், மக்கள் வழங்கிய தமிழ், தெலுங்குப் பெயர்களையும் கேட்டுக் குறித்துவைத்தார். நம் பாட்டன்மார் சொன்ன பெயரை அவருடைய ஆங்கிலப் புத்தகத்தில் தேட வேண்டியிருக்கிறது என்பது பெருமைக்குரியதா வெட்கத்துக்குரியதா என்று முடிவு செய்வதை வாசகர்களிடமே விடுகிறோம்.

நம்மவர்களில் மா. கிருஷ்ணன் தனித்து நிற்கிறார். பத்மாவதி சரித்திரம் எழுதிய அ. மாதவையாவின் மகன். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950 முதல் 1996இல் மறையும் வரை நாற்பத்தாறு ஆண்டுகள் இயற்கைப் பத்தி எழுதினார். யானையையும் காட்டெருமையையும் பற்றி எழுதிய அதே அக்கறையோடு காக்கை, அணில், ஓணான் பற்றியும் எழுதியவர். தமிழிலும் எழுதினார், அக்கட்டுரைகளைச் சு. தியடோர் பாஸ்கரன் ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்ற தொகுப்பாகக் கொண்டுவந்தார். அந்தத் தொகுப்பு வந்தபோது பாராட்டினோம், வாங்கினோம், அலமாரியில் வைத்தோம். அது திறந்துவிட்ட வழியில் எத்தனை பேர் நடந்தோம் என்று எண்ணிப் பார்த்தால் ஒரு கை விரல்கள் போதும். நம் இதழ்களில் இயற்கை என்றாலே ஒன்று சூழலியல் அரசியல், அல்லது மழை பற்றிய உருக்கம். இரண்டுக்கும் நடுவில், செவ்வாய்க்கிழமை காலை எலுமிச்சை இலையில் இன்ன புழுவைக் கண்டேன் என்று எழுத ஆளில்லை.

அந்தப் புழு அற்பமில்லை. இங்கிலாந்தின் லெஸ்டர் நகரில், ஜெனிஃபர் ஓவன் என்ற உயிரியலாளர் தம் சாதாரண வீட்டுத் தோட்டத்தில் 1972 முதல் 2001 வரை முப்பது ஆண்டுகள் கண்டதையெல்லாம் எழுதினார். மொத்தம் 2,673 வகை உயிர்கள். அவற்றில் 474 செடிவகை, 1,997 பூச்சிகள், முதுகெலும்புள்ளவை வெறும் 64. அது பூக்களும் காய்கறியும் கலந்து வளர்த்த, புறநகரத்தின் ஒரு பின்கட்டுதான். குளிர்நாட்டிலேயே இவ்வளவு என்றால், வெப்பநாட்டில் கிணற்றடியும் முருங்கையும் கம்பளிப்பூச்சியுமாக இருக்கும் ஓர் ஆரணித் தோட்டத்தில் எவ்வளவு தேறும்? இதற்கு விடை சொல்லும் நோட்டுப்புத்தகம் எதையும் இதுவரை நாங்கள் கண்டதில்லை.

எழுதாமல் விட்டால் என்ன குடி முழுகிப்போகும் என்று கேட்கலாம். சிட்டுக்குருவி விவகாரத்தைப் பாருங்கள். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக, செல்பேசிக் கோபுரங்களால் சிட்டுக்குருவி அழிந்துவிட்டது என்று மேடை தோறும் பேசப்பட்டது. 2018இல் வந்த 2.0 படம் அதையே கதையாக்கியது. இந்தியப் பறவைகளின் நிலை குறித்து 2020இல் வெளியான அறிக்கை, நாடு முழுவதையும் சேர்த்துப் பார்க்கையில் சிட்டுக்குருவி எண்ணிக்கை கால் நூற்றாண்டாக ஏறக்குறைய நிலையாக இருக்கிறது என்றும், சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில்தான் குறைந்துவருகிறது என்றும், கோபுரக் கதிர்வீச்சே காரணம் என்பதற்குச் சான்றில்லை என்றும் கூறியது. குஞ்சுகளுக்கு ஊட்டப் பூச்சி கிடைக்காமை, கூடு வைக்க இடமின்மை முதலியவை காரணங்களாகக் கருதப்படுகின்றன. இந்த அறிக்கையே ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் அன்றாடம் பதிந்துவந்த குறிப்புகளால் ஆனது. பதிவு இல்லாத காலத்துக்குத்தான் வதந்தி வந்து குடியேறுகிறது. ஆரணியில் ஓட்டு வீடுகள் மிச்சமிருக்கும் தெருக்களில் சிட்டுக்குருவி இருக்கிறது; மாடி வீடுகளாகிவிட்ட தெருக்களில் அரிதாகத்தான் கண்ணில் படுகிறது. இது எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. முப்பதாண்டுக்கு முன் எந்தத் தெருவில் எத்தனை கூடு இருந்தன என்று ஒரே ஒருவர் எழுதி வைத்திருந்தால், இந்த வாக்கியத்தை நாங்கள் இவ்வளவு தயங்கி எழுத வேண்டியிருக்காது.

பாம்பின் விஷயத்தில் நிலைமை இன்னும் மோசம். (பெயர் தெரியாத பாம்பு ஒன்று எந்தக் கவிதையிலும் ஜன்னலருகே வந்தமரவில்லை என்பதைக் கவனிக்கவும்.) மழைக்காலத்தில் தறிக்குழியில் நீர் ஊறும், தவளை வரும், தவளையைத் தேடிப் பாம்பு வரும். வீட்டுச் சுவரில் பல்லி தின்று வாழும் வெள்ளிக்கோல் வரையன் என்ற நஞ்சற்ற பாம்பை, கட்டுவிரியன் என்று எண்ணி அடித்துவிடுகிறார்கள். கட்டுவிரியனுக்கு வெள்ளைப் பட்டைகள் தலைக்கருகே மங்கியோ இல்லாமலோ இருந்து பின்னால் தெளிவாகும். மற்றதற்குத் தலைப்பக்கம்தான் தெளிவு. ஒரு பார்வையில் இதைச் சொல்லிவிடும் கிழவிகள் இருந்தார்கள். அரணை கடித்தால் மரணம் என்றும், கொம்பேறிமூக்கன் கடித்துவிட்டுச் சுடுகாட்டு மரத்தில் ஏறிப் பிணம் எரிவதைப் பார்க்கும் என்றும் நம்பியவர்களும் அதே வீட்டில் இருந்தார்கள். அரணைக்கு நஞ்சில்லை, கொம்பேறிமூக்கனால் நமக்கு ஆபத்தில்லை. சாரையும் நாகமும் பின்னிப் பிணைந்தன என்று தோட்டத்தில் கண்டதாகச் சொல்வது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் மல்யுத்தம். ஆகவே தோட்டக்காரர் சொல்வதெல்லாம் வேதம் என்று நாங்கள் சொல்லவில்லை. அவர் கண்டது வேறு, கண்டதாக நம்பியது வேறு. முன்னதை எழுதி, பின்னதையும் அருகே எழுதி, இரண்டையும் கலக்காமல் வைப்பது ஒரு நல்ல உரைநடைக்காரரின் வேலை. இருளர்களின் பாம்பறிவுக்கு எழுத்தில்லை. எனினும் 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத்தரும் நஞ்சிலிருந்துதான் நாட்டின் நச்சுமுறி மருந்தில் பெரும்பகுதி உருவாகி வந்திருக்கிறது. மாசி சடையன், வடிவேல் கோபால் என்ற இரு இருளர்களுக்கு 2023இல் பத்மஸ்ரீ கிடைத்தது. விருது வந்துவிட்டது, அவர்கள் சொன்னதைச் சொன்னபடி தமிழில் எழுதிய ஒரு நல்ல புத்தகத்துக்காகக் காத்திருக்கிறோம்.

மயிலைப் பற்றியும் ஒரு வார்த்தை. அறிக்கைகள் மயிலின் தொகை பெருகியிருப்பதாகக் கூறுகின்றன. ஊர்ப்புறங்களில் தோட்டம் வைத்திருப்போர் அதைத் தம் தக்காளிச் செடிகளிலேயே படித்துவிட்டார்கள். மிளகாய் நாற்றையும் வேர்க்கடலையையும் கிளறிப் போடும் மயிலைப் பார்த்து எவரும் அகவலை ரசிப்பதில்லை. 1963இல் தேசியப் பறவையானது, 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி உச்சப் பாதுகாப்பில் உள்ளது. கல்லெடுத்து வீசவும் அச்சம். இந்த எரிச்சலும் பதிவில் வர வேண்டும். ரசனையை மட்டும் எழுதுவதாக இருந்தால் பழைய கவிதைகளே போதும்.

எழுதக் கூடாத ஒன்றும் உண்டு. கிளிக் கூடு இருக்கும் பனைமரத்தின் அடையாளத்தையோ நட்சத்திர ஆமை வரும் வேலியையோ ஊரறிய எழுதுவது பிடிப்பவனுக்கு வழிகாட்டுவதாகும். தெருப்பெயரை விட்டுவிட்டு ஊர்ப்பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம்.

2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழகமெங்கும் ஊர்ப்புறப் பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள், நல்ல முயற்சி. அங்கே எண் கிடைக்கிறது. எங்களுக்கு எண்ணோடு வாக்கியமும் வேண்டும். அது நம் பழைய இலக்கியத்துக்கே உதவும் என்பதற்கு ஓர் உதாரணம்: திருப்பாவையின் ஏழாம் பாசுரத்தில் விடியலில் பேசும் ஆனைச்சாத்தன் எந்தப் பறவை? கரிச்சான் என்பார் ஒரு சாரார். செம்போத்து என்பார் மற்றொரு சாரார். சங்க இலக்கியப் புள்ளினங்களை ஆராய்ந்த பி. எல். சாமி போன்ற அறிஞர்கள் ஏட்டையும் பறவையையும் ஒருசேரப் பார்த்து எழுதினார்கள். அவர்களுக்குப் பின் உரையாசிரியர்கள் அகராதியைப் பார்க்கிறார்கள். அகராதி மற்றோர் அகராதியைப் பார்க்கிறது. மார்கழியில் இருள் பிரியுமுன் முதலில் குரல் கொடுப்பது எது, எத்தனை மணிக்கு, கூட்டமாகவா தனியாகவா என்று பத்துத் தோட்டங்களில் பத்து மார்கழி கேட்டு எழுதினால், உரையாசிரியர் முன் வைக்க ஒரு சான்றாவது இருக்கும்.

வரும் மார்கழிக்கு எங்கள் வட்டத்தில் ஐந்து வீடுகள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. நாற்பது பக்க நோட்டு ஐந்து வாங்கியாயிற்று. தேதி, மணி, மரம், அந்த வீட்டார் வழங்கும் பெயர், கேட்டவர் சொன்ன வாக்கியம் அவர் சொன்னபடியே, இவ்வளவுதான் கட்டம். கரிச்சான் கட்சிக்கு மூன்று வீடு, செம்போத்துக் கட்சிக்கு ஒரு வீடு என்று இப்போதே பிரிந்துவிட்டார்கள். ஐந்தாவது வீட்டுப் பாட்டி, இரண்டும் இல்லை, தன் வீட்டுக் கிணற்றடியில் முதலில் பேசுவது வண்ணாத்திக்குருவி என்கிறார்.